மினுக்குத் தண்ணி

எங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் சொல்லப்படும் பொய்களைச் சேர்த்து வைத்தால் இன்னொரு கட்டடம் கட்டிவிடலாம். புற்றுநோய் அறுவைப் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல், நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துவார்கள். சாத்தும் சத்தத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். "அவங்களுக்குத் தெரிய வேணாம் டாக்டர், தாங்க மாட்டாங்க." இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். ஜூனியர் பிள்ளைகள் எனக்குப் பச்சை மிளகாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெனிட்டா என்ற பெயரைவிட அதுதான் பொருத்தம் என்று என் வீட்டுக்காரரே சொல்கிறார்.

ஜெயக்கொடியின் தம்பி குருசாமியும் கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, அக்காகிட்ட அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். வயித்துல புண்ணு, அதை எடுத்துட்டாச் சரியாப் போயிரும்னு. நீங்களும் அப்படியே..."

"நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? உடம்பு அவங்களோடது."

"கும்புடுறேன் டாக்டரம்மா. அது ரொம்பப் பயந்த சுபாவம்."

பயந்த சுபாவமாம்! வெளியே அந்த அம்மாள், ஓ.பி. கூட்டத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்த சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. "உள்ள நெருங்கி உக்காருங்கப்பா, கைப்புள்ளக்காரி நிக்கிறா பாரு." பஸ்ஸில் டிக்கெட்டை இயந்திரமே கொடுக்கத் தொடங்கும் வரைக்கும் பெரியகுளம் டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். பழக்கம் போகவில்லை.

"ஒண்ணு செய்யிறேன். நானா வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அவங்களே கேட்டா மறைக்க மாட்டேன். சரியா?" என்றேன்.

குருசாமி அரை மனதோடு தலையாட்டிவிட்டு வெளியே போனார். ஜெயக்கொடியின் மகள் சுபிக்ஷா மட்டும் எழுந்திருக்கவில்லை. அப்பா இல்லாமல் வளர்ந்த ஒற்றைப் பிள்ளை. தேனியில் ஒரு வங்கியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"ஆபரேஷன்ல என்ன செய்வீங்க டாக்டர்? எனக்கு எதையும் மறைக்காமச் சொல்லுங்க."

"வயித்துல இருக்கிற கட்டியை எடுக்கிறது பெரிய விஷயமில்லம்மா. அது எங்கெங்க விதை போட்டு வச்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. கால்ல முள்ளு குத்திப் புண்ணானா தொடையிடுக்குல நெறி கட்டுமில்ல? அதே மாதிரி இரைப்பையைச் சுத்தியும் நெறி இருக்கு. சிலது மொச்சை அளவு, சிலது மிளகு அளவு. உடம்புக்கு அதுதான் காவல். கேன்சர் கட்டியை விட்டுக் கிளம்பினா முதல்ல போய் உக்கார்றதும் அங்கதான்."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துற வேண்டியதுதானே?"

"அப்படித்தான் எடுத்தோம், நான் படிச்சு முடிச்ச காலத்துல. எது கெட்டது, எது நல்லதுன்னு கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சமா எடுத்தா ஆளு சீக்கிரம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவாரு, விட்டு வச்சதுல இருந்து திரும்ப வந்துரும். நிறைய எடுத்தா ரொம்ப வருஷம் இருக்க வாய்ப்பு, ஆனா ஆபரேஷனைத் தாங்கணும். ரத்தக் குழாய் ஓரமா சுரண்டிச் சுரண்டி எடுக்கணும்ல? தாங்காமப் போனவங்களும் உண்டு. இது போதுமா, இன்னும் எடுக்கணுமான்னு உலகம் பூரா டாக்டருங்க சண்டை போட்டுக்கிட்டே இருந்தோம்."

"இப்ப?"

"இப்பதான் மினுக்குத் தண்ணி வந்துருச்சே!"

மருந்துப் புட்டியில் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருக்கிறது. வார்டில் எல்லாருக்கும் அது மினுக்குத் தண்ணிதான். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயந்திரம் ஒரு டம்ளர். நன்னாரி சர்பத் மாதிரி இனிக்கும். உள்ளே போய், கேன்சர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் தியேட்டரில் விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டால் கெட்ட நெறி மட்டும் மஞ்சளாக மினுங்கும். மினுங்குவதை எடு, மினுங்காததைத் தொடாதே. எங்கள் துறையின் சட்டம் இதுதான். நல்ல நெறி மிஞ்சியிருந்தால்தான் பிறகு போடும் ஊசி வேலை செய்யும். நோயோடு சண்டை போட அந்த ஊசி பழக்குவது இந்தக் காவலைத்தான். இது வந்த பிறகு சீக்கிரம் எழுந்து நடந்தவர்களும் அதிகம், ரொம்ப வருஷம் இருந்தவர்களும் அதிகம்.

சுபிக்ஷா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் அவள் கொண்டுவந்திருந்த டிபன் டப்பாவைப் பார்த்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை, அவள் தனக்கென்று எடுத்துவந்த சாப்பாடு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

"உங்க அம்மாவோட அம்மா எதுல போனாங்க?"

"வயித்துல புண்ணுன்னு சொல்லுவாங்க."

"வேற யாருக்கும்?"

"பெரியம்மாவுக்கும் புண்ணுதான்."

"அப்ப நீயும் ஒரு தடவை பாத்துரும்மா. இது சில குடும்பத்துல வழிவழியா வரும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். பாத்தா கார்டுல ஏறிரும்ல?"

நலக் கார்டைச் சொன்னாள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பரிசோதனை செய்தாலும் அதில் தானாகப் பதிவாகிவிடும். நோயாளி ஊர் மாறினாலும் வைத்தியம் தடைபடக்கூடாது என்று நல்லெண்ணத்தில் கொண்டுவந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தோடு கார்டையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் இருக்கிறது, கார்டில் ஏறியதற்குக் கிடையாது. சுபிக்ஷாவுக்குப் போடியில் ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். அதனால் நான் மேலே வற்புறுத்தவில்லை. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ரவுண்ட்ஸ் போனபோது ஜெயக்கொடியிடம் வேண்டுமென்றே கேட்டேன். "உங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா?"

கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். கட்டிலின் கால்மாட்டில் குருசாமி கையைப் பிசைந்தார். ஜெயக்கொடி என் முகத்தைப் பார்த்தார், தம்பி முகத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு டாக்டரம்மா. எடுத்ததைத் தட்டுல வச்சு இருட்டு ரூம்புல காட்டுவீங்களாமே? பக்கத்து பெட்டு செல்லம்மா சொன்னுச்சு."

"ஆமா."

"அதை என் மகதான் பாக்கணும். இவன் வேணாம். ரத்தத்தைப் பாத்தாப் பொத்துன்னு விழுந்துருவான், அப்புறம் இவனுக்கும் ஒரு பெட்டு தேடணும்."

வார்டே சிரித்தது. குருசாமியும் அசடு வழியச் சிரித்தார்.

"ஏட்டி சுபி, பயந்து தள்ளி நின்னுறாத. விளக்குக்கு நல்லாக் கிட்டக்கப் போய் நின்னு பாரு" என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அல்சர் என்று நம்புகிற மனுஷிக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு லேசாக ஒரு நினைப்பு வந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனதும் அதுவும் போய்விட்டது.

இருட்டு அறை விஷயத்தைச் சொல்ல வேண்டும். வயிற்றிலிருந்து எடுத்ததை எவர்சில்வர் தட்டில் வைத்து உறவுக்காரர்களுக்குக் காட்டுவது நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ரொம்ப நாள் வழக்கம். காட்டாவிட்டால், உள்ளே நிஜமாகவே எடுத்தார்களா என்று சந்தேகம் வந்துவிடும். மினுக்குத் தண்ணி வந்த பிறகு தியேட்டர் வாசலை ஒட்டி ஒரு சின்ன இருட்டு அறையே கட்டி, ஊதா விளக்கு மாட்டிவிட்டார்கள். மினுங்குகிறதைக் கண்ணால் பார்த்தால்தான் சனங்களுக்குத் திருப்தி. சிலர் கும்பிடக்கூடச் செய்வார்கள்.

மறுநாள் காலை ஜெயக்கொடியை மேசையில் படுக்க வைத்தோம். மயக்க மருந்து டாக்டர் சிக்கந்தர் வழக்கம்போல ஊதா டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். மினுக்குத் தண்ணி குடித்தவர்களின் நாக்கு இரண்டு நாளைக்கு மினுங்கும். குடித்தாரா இல்லையா என்று அதை வைத்துத்தான் உறுதி செய்வோம்.

"என்ன மேடம், இன்னைக்கு மங்கலா எரியுது? எப்பவும் மத்தாப்பு மாதிரில்ல இருக்கும்."

"டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டீங்களா?"

"போட்ட ஞாபகம்" என்றார். அவர் ஞாபகம் எங்கள் தியேட்டரில் பிரசித்தம். நாக்கு மினுங்குகிறது என்று குறித்துக்கொண்டு மேலே போனோம்.

வயிற்றைத் திறந்து விளக்கை அணைத்தோம். கட்டி எலுமிச்சம்பழ அளவில் பளிச்சென்று மினுங்கியது. அதை ஒட்டிச் சில நெறிகள் மினுங்கின. அதைத் தாண்டி ஒன்றுமே இல்லை, ஒரே இருட்டு. திரையில் 'மீதி சுத்தம்' என்று எழுத்து வந்தது. ஜூனியர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய கட்டி, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்த கட்டி, இத்தனை கொஞ்சமாகவா விதை போடும்? ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாய் ஓரமாக ஒரு நெறி விரலுக்குக் கெட்டியாகப் பட்டது. மினுங்கவில்லை.

"அதிர்ஷ்டக்கார அம்மான்னு வச்சுக்குங்களேன்" என்றார் சிக்கந்தர்.

"இந்த வேலையில அதிர்ஷ்டத்தை நான் நம்புறதில்ல சார்."

ஆனால் சட்டம் சட்டம்தான். என் விரலுக்கு ஒரு சந்தேகம் வந்தது என்பதற்காக நல்ல நெறிகளை எல்லாம் பிடுங்கினால், ஊசி வேலை செய்யாமல் அந்த அம்மாள் செத்துப்போக நானே காரணமாகிவிடுவேன். மினுங்கியதை மட்டும் இரைப்பையோடு எடுத்துத் தட்டில் வைத்தேன். குடலை இணைக்க ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, வழக்கமாக ஜூனியர் கொண்டுபோகும் தட்டை அன்று நானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மனசு சரியில்லாதபோது கால் ஒரு இடத்தில் நிற்காது எனக்கு.

இருட்டு அறையில் சுபிக்ஷா அம்மா சொன்னபடியே விளக்குக்கு நெருக்கமாக வந்து நின்றாள். தட்டைக் காட்டினேன். கண் கலங்கப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா டாக்டர்? அம்மாவுக்கு எல்லாம் எடுத்தாச்சா?"

அவள் வாய் திறந்து பேசியபோது நான் தட்டைக் கீழே போடாமல் பிடித்ததே பெரிது. ஊதா விளக்கில் எல்லாருடைய பல்லும் நீலமாகத் தெரியும். நாக்கு மஞ்சளாக மினுங்காது.

"வாயைத் திற."

"டாக்டர்?"

"திறம்மா, சொல்றேன்ல!"

திறந்தாள். ஜெயக்கொடியின் நாக்கு எப்படி மங்கலாக மினுங்கியதோ, அச்சாக அப்படியே இருந்தது.

"மினுக்குத் தண்ணியைக் குடிச்சியா நீ?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பாதி டாக்டர். அம்மாதான் குடுத்துச்சு. 'இனிப்பா இருக்குடி, நீயும் குடி. நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்'னு ஒரே அடம். நாங்க சத்து டானிக்னுதானே சொல்லி வச்சிருக்கோம்! வேணாம்னேன். 'டானிக்குத்தானே, நீ குடிச்சா என்னாகும்'னு கேக்குது. நான் என்ன பதில் சொல்லுவேன்? மாமாவும் குடிச்சுத் தொலைன்னு கண்ணைக் காட்டுறாரு. குடிக்கலன்னா அதுக்குச் சந்தேகம் வந்துருமேன்னு..."

"சிஸ்டர் எங்க போனாங்க?"

"எங்க கையில குடுத்து, நீங்க குடிக்க வச்சிருங்கன்னு சொல்லிட்டு வேற பெட்டுக்குப் போயிட்டாங்க."

நம் ஊரில் நோயாளிக்கு ஊட்டுவதும் புகட்டுவதும் எப்போதும் வீட்டு ஆட்கள்தான். எந்த சிஸ்டரும் அப்படித்தான் கொடுத்துவிட்டுப் போவார். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, அதனால் எல்லாரையும் சேர்த்துத் திட்டினேன். குருசாமி வாசலில் நின்று நடுங்கினார்.

"தப்பா டாக்டர்?" என்றாள் சுபிக்ஷா.

"பாதி பெயிண்டை வச்சு முழுச் சுவரையும் அடிக்க முடியுமா? கிட்டக்க இருந்ததுல ஒட்டிக்கிட்டு அதோட தீர்ந்துபோச்சு. தூரத்துல இருக்கிறது இருட்டா இருக்குன்னா சுத்தம்னு அர்த்தமில்ல, சாயம் போய்ச் சேரலைன்னு அர்த்தம். அதை நம்பி நான் வயித்தை மூடப் போனேன்."

"இப்ப என்ன செய்வீங்க?"

"பழையபடி எல்லாத்தையும் எடுக்கப் போறேன்."

"அம்மா தாங்குமா?"

"தாங்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

"நிறுத்துங்க, இணைக்காதீங்க. பெரிய லைட்டைப் போடுங்க" என்று கத்திக்கொண்டே கையைக் கழுவினேன். விஷயத்தைச் சொன்னதும் சிக்கந்தர், "அப்ப என் டார்ச்சு நல்ல டார்ச்சுதான்" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அதுதான் கவலை. ஜூனியர்கள் திருதிருவென விழித்தார்கள். மினுங்குவதை எடுத்தே பழகிய பிள்ளைகள், விரலால் தடவித் தேடி எடுப்பதைப் புத்தகத்தில் படித்ததோடு சரி. ஈரலுக்குப் போகும் குழாய், மண்ணீரலுக்குப் போகும் குழாய், அவை பிரியும் வேர் என்று ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில் ரத்தம் பீறிட்டது. அதை அடக்குவதற்குள் பிரஷர் இறங்கிவிட்டது. சிக்கந்தர் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தினால்தான் எனக்குப் பயம் வரும். "இயேசுவே, இந்தக் கண்டக்டரம்மாவை இறக்கிவிட்டுடாதே" என்று வாய்விட்டே சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டி, எல்லாரும் களைத்த பிறகுதான் வயிற்றை மூடினோம். ஜெயக்கொடி தாங்கினார்.

சாயந்திரமே பரிசோதனைக் கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மினுங்காமல் இருந்த நெறிகளில் மூன்றில் கேன்சர் இருந்தது. என் விரலுக்குக் கெட்டியாகப் பட்டதும் அதில் ஒன்று. விட்டு வைத்திருந்தால் அது திரும்பி வந்திருக்கும், நாங்களும் மருந்து சரியாகத்தானே வேலை செய்தது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

மறுநாள் காலை ஜெயக்கொடியைப் பார்க்கப் போனேன். மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் இரண்டு. உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், கிட்டே வரச் சொல்லி விரலை அசைத்தார். வலிக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"டாக்டரம்மா, இருட்டு ரூம்புல என் மக வயிறு மினுங்குச்சா?"

பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியைக் காலமெல்லாம் பாத்தவ நான். என் தம்பி மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "எங்கம்மா புண்ணுன்னு சொல்லித்தான் போச்சு. எங்கக்காளும் புண்ணு. புண்ணு புண்ணுன்னே ஒரு வம்சம் போயிருச்சு டாக்டரம்மா. யாருக்கும் என்னன்னு பேரு சொல்லக்கூட நாதியில்ல."

"அப்ப மினுக்குத் தண்ணியை அவளுக்குக் குடுத்தது..."

"சுபி தட்டுல நாலு இட்லி வச்சா ரெண்டைத் தள்ளிருவா. கேட்டா பசிக்கலம்பா. எங்கக்கா இப்படித்தான் ஆரம்பிச்சா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா, கார்டுல ஏறிரும், கல்யாணம் நின்னுரும்னு அழுவா. அதான், என் பேர்ல வந்ததைப் பாதி குடுத்தேன். கார்டுலயும் ஏறாது, அவளுக்கும் தெரியாது, இருட்டு ரூம்புல நின்னா உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிரும்ல?"

"அதுக்காக உங்க உசிரை வச்சு விளையாடுவீங்களா? பாதி குடிச்சா உங்களுக்கு வேலை செய்யாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"கொஞ்சம் குறையும்னு தெரியும். குறைஞ்சா என்ன, நான் பாக்கவேண்டியதெல்லாம் பாத்துட்டேன்" என்றார், பஸ்ஸில் தன் சீட்டை விட்டுக்கொடுப்பவர் மாதிரி. "சொல்லுங்க, மினுங்குச்சா?"

"அம்மா, அந்த விளக்கு தோலைத் தாண்டி உள்ள போகாதும்மா. வயித்தைத் திறந்தாத்தான் தெரியும். அவ அங்க மணிக்கணக்கா நின்னாலும் ஒண்ணும் தெரியாது."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். குழாய்களுக்கும் வலிக்கும் கலங்காத முகம் அப்படியே விழுந்துவிட்டது. "தெரியாதா?" என்றார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "அப்ப வீணாப் போச்சா?"

"வீணாப் போகல. சாயம் இன்னைக்குச் சாயந்திரம் வரைக்கும் அவ உடம்புல இருக்கும். உள்ள பாக்க வேற வழி இருக்கு. நான் பாக்குறேன்."

"நான் கேட்டேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுபிக்ஷா கேண்டீனில் ஒரு பொங்கலை முன்னால் வைத்துக்கொண்டு கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

"எந்திரி. தெரியாம அந்த மருந்தைக் குடிச்சவங்களுக்கு உள்ள ஒரு தடவை பாத்தாகணும். சட்டம்" என்றேன். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. ஊரில் இருக்கிறவர்களின் பொய்க்கெல்லாம் கோபப்பட்ட பச்சை மிளகாய், கண் சிமிட்டாமல் ஒன்றை அவிழ்த்துவிட்டாள்.

"கார்டுல ஏறுமா டாக்டர்?"

"இப்போதைக்கு ஏறாது, வா."

விழுங்குகிற கேமரா மாத்திரைதான். பெரிய சத்து மாத்திரை அளவு இருக்கும், அதிலேயே குட்டி ஊதா விளக்கும் உண்டு. சுபிக்ஷா தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தாள். திரையில் இரைப்பை மடிப்பு மடிப்பாக வந்தது. எல்லாம் இருட்டு. நான் மூச்சை விட்டேன். மாத்திரை மெல்லத் திரும்பியது. ஒரு மடிப்பின் ஓரத்தில், எள்ளு அளவுக்கு, மஞ்சளாக ஒரு புள்ளி மினுங்கியது.

"அது என்ன டாக்டர்?"

நேற்று தட்டில் அதே நிறத்தைப் பார்த்தவள் அவள். நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அவளை அணைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

"கேளும்மா. இது இப்பத்தான் முளைச்சிருக்கு. மேல்தோலோட நிக்குது. உங்கம்மாவுக்குச் செஞ்ச மாதிரி வயித்தைத் திறக்க வேணாம், ஒரு நெறியையும் தொட வேணாம். வாய் வழியா குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துறலாம். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு நீ வந்திருந்தின்னா நான் இவ்வளவு சுலபமாப் பேச மாட்டேன்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"நிஜம்."

கண்ணைத் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், காலையில் அவள் அம்மா பிடித்த அதே மாதிரி.

"டாக்டர், அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. கேட்டா எனக்கு அல்சர்னு சொல்லிருங்க. தாங்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. சுபிக்ஷா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"போதும்டி உங்க குடும்பத்துப் புண்ணு! வா என் கூட" என்று அவளை இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். இரண்டு பேரும் என்னிடம் சொல்லாதே சொல்லாதே என்றார்கள், நான் யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

ஜெயக்கொடியின் கட்டிலருகே குருசாமி உட்கார்ந்து, "அல்சரை வேரோட எடுத்தாச்சாம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

"குருசாமி, எந்திரிக்காதீங்க, விழுந்துருவீங்க. சுபி, நீயே சொல்லு. நான் யாருக்கும் தூது போக மாட்டேன்."

சுபிக்ஷா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு இருந்தது அல்சர் இல்லம்மா."

"தெரியும்டி. உனக்கு?"

"எனக்கும் இருக்கு. எள்ளு அளவு."

"எள்ளு அளவுதானா?" ஜெயக்கொடி என் பக்கம் திரும்பினார். "உண்மையா டாக்டரம்மா? மூஞ்சியைக் காட்டுங்க."

காட்டினேன். நன்றாகப் பார்த்தார். பிறகுதான் அவர் தோள் தளர்ந்தது, தலையணையில் சாய்ந்தார். சுபிக்ஷாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் அந்தத் தண்ணியைக் குடுத்தியா? உள்ள என்ன நடந்துச்சு தெரியுமா? செத்துப் போயிருப்பம்மா நீ!"

"நீ குடிக்கலன்னா அந்த முழு டம்ளரும் எனக்கு எதுக்குடி?"

சுபிக்ஷா கட்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜெயக்கொடி குழாய் மாட்டாத கையால் அவள் தலையைத் தடவினார். குருசாமி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இந்த வீட்டுல ஒண்ணும் தெரியாதவன் நான் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார்.

நான் கிளம்பும்போது சுபிக்ஷா என்னிடம், "என் பேர்லயே போடுங்க டாக்டர். கார்டுல ஏறட்டும். பாத்துட்டு வர்றவன் வரட்டும்" என்றாள். போடிக்காரர்கள் பிறகு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஜெயக்கொடி தேறி எழ ரொம்ப நாளாயிற்று. நெறியெல்லாம் போய்விட்டதால் ஊசி அவருக்கு அவ்வளவாக வேலை செய்யாது, பழைய மருந்துதான், கஷ்டப்படுத்தும் என்று மறைக்காமல் சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். தெரியாது, ஆனால் முந்தி இருந்ததைவிட நல்ல வாய்ப்பு என்றேன். சரி என்று தலையாட்டினார்.

சுபிக்ஷாவுக்குச் சுரண்டி எடுப்பதற்கு முதல் நாள் சாயந்திரம் நான் வார்டில் இருந்தேன். ஓரம் முழுக்க எடுபட்டதா என்று பார்க்க அவளுக்கும் மினுக்குத் தண்ணி உண்டு. சிஸ்டர் டம்ளரைக் கொண்டுவந்து, இந்த முறை கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நின்றார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. பாதி இளைத்துப்போன ஜெயக்கொடி சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். நாளை இருட்டு அறையில் தட்டைப் பார்க்கப் போவதும் தான்தான் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

சுபிக்ஷா ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பாத்தான்மா இருக்கு. உனக்குக் கொஞ்சம்?" என்று கேலியாக டம்ளரை நீட்டினாள்.

ஜெயக்கொடி அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிடி. யாரு கேட்டாலும் குடுக்காத."

சுபிக்ஷா குடித்து முடித்தாள். ஜெயக்கொடி டம்ளரை வாங்கி, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டரிடம் கொடுத்தார்.